நாடகம் பார்க்கப் போகும் நாளில் ஊரையும் சுற்றலாமா?

வைகைக்குருவி:
லீட்ஸில் முதுகலை படிக்கிறேன். போன சனிக்கிழமை ஒரே ஒரு நாள் லண்டன் போய்வந்தேன். விடிகாலை 5 மணிக்குப் பேருந்து ஏறினேன், திரும்பும் பேருந்து இரவு 11.30க்கு. கிடைத்த நேரத்தில் ஒரு நிமிடத்தையும் விட மனமில்லை. வெஸ்ட்மின்ஸ்டர், டிரஃபால்கர் சதுக்கம், நேஷனல் கேலரி ஓவியக்கூடத்தில் ஒரு மணி நேரம், கோவென்ட் கார்டன், செயின்ட் பால் தேவாலயம் (வெளியிலிருந்து மட்டும்), மில்லேனியம் பாலம், டேட் மாடர்ன் என்று எல்லாவற்றையும் நடந்தே பார்த்தேன். மாலை 7.30க்கு குளோப் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு'. நின்று பார்க்கும் மலிவான டிக்கெட்.

கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய வயோலா வந்ததும் கேட்பது, "நண்பர்களே, இது எந்த நாடு?" என்றுதான். முதல் நாள் விமான நிலையத்தில் இரண்டு பெட்டிகளோடு நான் நின்றது நினைவுக்கு வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே கால்கள் கெஞ்ச ஆரம்பித்துவிட்டன. நின்று பார்ப்பவர்களுக்கான இடம் மேடைக்கு முன்னால் உள்ள முற்றம், நாடகம் நடக்கும்போது அங்கே உட்காரக் கூடாது. வசனத்தில் பாதி புரியவில்லை. இடைவேளையில் வெளியே வந்து பேருந்து நிலையத்தில் காத்துக்கிடந்தேன்.

"நாடகத்துக்குப் போனால் நாடகம் மட்டும் பார்க்கணும், ஊர் சுற்றக் கூடாது" என்கிறாள் அறைத்தோழி. எனக்கு அது சரியென்று படவில்லை. உங்களுக்கு?

தென்கரையான்:
உங்கள் தோழி சொல்வதுதான் சரி. பாலமும் தேவாலயமும் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். அன்று மாலை அந்த நடிகர்கள் நடித்தது இனி வராது. அதில் பாதியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். நேஷனல் கேலரியை ஒரு மணி நேரத்தில் 'பார்த்தேன்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், ஒரே படத்தின் முன்னால் அரை மணி நேரம் நிற்கலாம். நீங்கள் எட்டு இடங்களைத் தொட்டிருக்கிறீர்கள், ஒன்றிலும் தங்கவில்லை. நாடகத்தின் கதையையாவது பேருந்தில் போகும்போது படித்திருக்கலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம் இருந்ததே.

மஞ்சள்பை:
தென்கரையான் லண்டனிலேயே இருப்பவர் என்று நினைக்கிறேன். "அடுத்த முறை" என்று சொல்ல அவரால் முடியும். மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதில் வாடகை போக மிச்சம் பிடித்து, ஒரு சனிக்கிழமையை விடுவித்துக்கொண்டு வருகிற பிள்ளையிடம் "அரை மணி நேரம் ஒரே படத்தின் முன்னால் நில்" என்று எப்படிச் சொல்வது? அவள் கண்ணுக்கு முதலில் ஊர் மொத்தமும் வேண்டும். நானும் அப்படித்தான் பார்த்தேன், அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

"பாதி புரியவில்லை" என்பதற்கும் நான் பதில் சொல்ல வேண்டும். வைகைக்குருவி, கோவென்ட் கார்டனிலிருந்து செயின்ட் பாலுக்கு ஃப்ளீட் தெரு வழியாக நடந்திருந்தால் வலது பக்கச் சந்துகளுக்குள் மிடில் டெம்பிள் என்ற பழைய சட்டக் கல்விக்கூடம் இருந்திருக்கும். அங்குள்ள பெரிய கூடத்தில்தான் இதே நாடகம் 1602 பிப்ரவரி 2 அன்று ஒரு விருந்தில் நடந்தது. இந்த நாடகம் மேடையேறியதற்குக் கிடைத்த முதல் பதிவு அது. எழுதி வைத்தவர் யார்? ஜான் மானிங்ஹாம் என்ற சட்ட மாணவர், தன் நாட்குறிப்பில். அவர் நாடகத்தில் வரும் சீமாட்டி ஒலிவியாவை விதவை என்று எழுதியிருக்கிறார். ஒலிவியா துக்கம் காப்பது அண்ணனுக்காக! அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த மாணவருக்கே பிசகியிருக்கிறது. ஆனாலும் அவர் பார்த்ததால்தான் இன்று நமக்கு அந்தத் தேதி தெரிகிறது. பாதி புரிந்தாலும் பார்த்தது பார்த்ததுதான்.

தென்கரையான்:
மானிங்ஹாம் விஷயம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் அது என் கட்சிக்குத்தான் சாட்சி. அவர் படித்துக்கொண்டிருந்த இடத்திலேயே விருந்து, அங்கேயே நாடகம். ஊரைச் சுற்றிக் கால் ஓய்ந்து வந்து நிற்கவில்லை.

விசா, பணம் பற்றிச் சொன்னது என்னைத் தைத்தது. நான் இங்கேதான் இருக்கிறேன், அந்தக் கஷ்டத்தை மறந்துதான் பேசிவிட்டேன். அப்படியிருந்தும் ஒன்று கேட்கிறேன்: ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், அதை இன்னும் கவனமாகச் செலவழிக்க வேண்டாமா?

இரவுப்பணி:
இடையில் நுழைகிறேன். இதை நேரம் பிரிப்பதாகப் பார்த்தாலே பாதி சிக்கல் தீரும். குளோபில் பல நாட்கள் மதியம் 2 மணிக் காட்சி உண்டு. முதலில் நாடகம், அப்புறம் ஊர். சீக்கிரம் வரிசையில் நின்றால் மேடை விளிம்பிலோ பின்சுவரிலோ சாய்ந்துகொள்ள இடம் கிடைக்கும், கால்வலி பாதியாகும். லண்டன் நகரப் பேருந்தில் ஒருமுறை கட்டணம் கட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் நடந்தே பார்க்க வேண்டியதில்லை.

மஞ்சள்பை:
மதியக் காட்சி நல்ல யோசனை, ஆனால் மாலைக் காட்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முற்றத்துக்கு மேலே கூரை இல்லை. நாடகம் தொடங்கும்போது வானம் வெளிச்சமாக இருக்கும், முடியும்போது இருட்டிவிடும். மேடைக்கும் நமக்கும் ஒரே வெளிச்சம்தான். நடிகர்கள் நம் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். வயோலா "இது எந்த நாடு?" என்றபோது அந்தப் பிள்ளைக்குத் தொண்டை அடைத்தது சும்மா இல்லை. நாள் முழுக்க அந்நிய ஊரில் தனியாக நடந்துவிட்டு வந்த கால்களோடு நின்று கேட்டாள். காலையில் ஊரைப் பார்க்காமல் நேராக வந்திருந்தால் அந்த வரி அப்படித் தைத்திருக்குமா? எனக்குத் தோன்றவில்லை.

தென்கரையான்:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. யோசித்துப் பார்த்தேன்.

ஊர் சுற்றவே கூடாது என்று நான் சொன்னது அதிகம்தான். சுற்றட்டும், ஆனால் நாடகத்தைச் சுற்றியே இருக்கட்டும். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் சதர்க் தேவாலயத்திலிருந்து தொடங்கலாம். ஷேக்ஸ்பியரின் தம்பி எட்மண்டை 1607 டிசம்பர் கடைசி நாளில் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். அவரும் நடிகர். அங்கிருந்து பார்க் தெரு. 1599இல் கட்டி 1613இல் எரிந்துபோன பழைய குளோப் நின்ற இடம் அதுதான். இப்போதுள்ள அரங்கம் 1997இல் திறந்தது, அங்கிருந்து சுமார் 230 மீட்டர் தள்ளி. எல்லாம் கால்மணி நேர நடைக்குள். மிச்ச நேரத்தில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம்.

மஞ்சள்பை:
அப்படியானால் வெஸ்ட்மின்ஸ்டரை எப்போது பார்ப்பாள்?

தென்கரையான்:
பார்த்துவிட்டாளே. அந்த நடை வீண் என்று இனிச் சொல்ல மாட்டேன்.

வைகைக்குருவி:
எல்லோருக்கும் நன்றி. பாதியில் வந்தது தப்புதான், தென்கரையான் அண்ணா. அன்று நடந்த நடைக்காக மட்டும் நான் வருந்தவில்லை. எனக்கும் ஊரில் ஒரு தம்பி இருக்கிறான். வயோலா தன் இரட்டைச் சகோதரன் கடலில் போய்விட்டானோ என்று தவிக்கிறாள், அவன் உயிரோடு இருப்பது பார்க்கிற நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் சந்தித்தார்களா என்று யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள். அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் மறுபடி போகிறேன். மாலைக் காட்சிக்குத்தான். பகலில் சதர்க்கும் மிடில் டெம்பிளும் மட்டும்.

தென்கரையான்:
மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் குடை விரிக்க விடமாட்டார்கள்.