அறிவிப்பு ஒட்டியும் ஆள் வருவதில்லை, என்ன செய்யலாம்?

எங்கள் கல்லூரி சின்னது, மொத்தமே மூன்று கட்டடம்தான். மாணவர் மன்றச் செயலாளராக நிகழ்ச்சி நோட்டீஸ்களை நான்தான் தயாரிக்கிறேன். போன வாரக் கவிதை வாசிப்புக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். விருந்தினர் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி வாசித்தது இன்னும் மனதை அறுக்கிறது. அடுத்தது ரத்ததான முகாம். அதுவும் இப்படி ஆகிவிடக் கூடாது.

பதில்:
தம்பி, நோட்டீஸின் மேல் பாதி முழுக்க தலைமை, முன்னிலை, வரவேற்புரை என்று பெயர்களாக இருக்கிறதா? தேதி, நேரம், அறை எண் மூன்றையும் அங்கே கொண்டுவாருங்கள், நடந்துபோகிறவருக்கே தெரிகிற அளவில். முடிந்த நிகழ்ச்சிகளின் தாளையும் அன்றே கிழித்துவிடுங்கள். பழையது தொங்கும் பலகையை யாரும் நின்று பார்ப்பதில்லை.

இன்னொரு பதில்:
முகாமை உலக ரத்ததானிகள் தினமான ஜூன் 14-ஐ ஒட்டி வைக்க முடியுமா? ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் பிறந்த நாள் அது. ரத்தம் கொடுக்கக் குறைந்தது 18 வயது, 50 கிலோ எடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பொது அளவு. உங்கள் ரத்த வங்கி சொல்லும் விதியைக் கேட்டு நோட்டீஸிலேயே போடுங்கள். ‘சாப்பிட்டுவிட்டு வரவும்’ என்பதும் அவசியம். வெறும் வயிற்றோடு வருபவர்களுக்கு மயக்கம் வரலாம்.

கேள்வி கேட்டவர்:
சரி, பலகையைப் போய்ப் பார்த்தேன். எங்கள் தேதி கடைசி வரியில், ஆணி மறைத்த இடத்தில் இருந்தது. இன்றே மாற்றுகிறேன். நன்றி அண்ணா, இருவருக்கும்.