பழைய டூரிங் பைக்: வேகம் குறையும்போது ஹேண்டில் நடுங்குகிறது, வேகம் கூடினால் பின்பக்கம் அலைகிறது

நெடுவழி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 1985இல் தயாரான நான்கு சிலிண்டர் டூரிங் பைக். ஷாஃப்ட் டிரைவ் (செயினுக்குப் பதில் தண்டு பின்சக்கரத்தைச் சுழற்றும்), முன்னால் பெரிய விண்ட்ஷீல்டு, இரண்டு பக்கப் பெட்டிகள், ஒரு பின்பெட்டி. எல்லாம் சேர்ந்து 320 கிலோவைத் தாண்டும். ஓடோமீட்டர் 94,000 கி.மீ. காட்டுகிறது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. கவலையெல்லாம் ஓட்டத்தில்தான்.

முதல் சிக்கல்: 75 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கையையும் சற்றுத் தளர்த்தினால், 65இலிருந்து 55க்கு இறங்கும் இடைவெளியில் ஹேண்டில் இடமும் வலமுமாக வேகமாக நடுங்குகிறது. இரண்டு கைகளாலும் லேசாகப் பிடித்தால் நின்றுவிடுகிறது. பிடிக்காவிட்டால் நடுக்கம் வளர்ந்துகொண்டே போகிறது.

இரண்டாவது: 110க்கு மேல், குறிப்பாகப் பின்பெட்டியில் சாமான் இருக்கும்போது, ஒரு லாரியைக் கடந்து அதன் காற்று மறைப்பிலிருந்து வெளியே வருகிற கணத்தில் வண்டி முழுவதும் மெதுவாக அலையத் தொடங்குகிறது. ஹேண்டில் கையில் அமைதியாகத்தான் இருக்கிறது. இருக்கைக்குக் கீழே ஏதோ நகர்கிறது. பின்னால் அமர்ந்து வரும் என் மனைவிக்கு அது என்னைவிட முன்பே தெரிந்துவிடுகிறது.

முன் டயரைச் சென்ற மாதம் மாற்றினேன். நடுக்கம் சற்றுக் குறைந்தது, போகவில்லை. ஒரு பட்டறையில், ஹேண்டிலின் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் பொருத்தச் சொல்கிறார்கள். இன்னொருவர் இந்த வயது வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்கிறார். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வண்டியில் இன்னும் நெடுந்தூரம் போக ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

---

சக்கரம் எழுதியது:

முதலில் காற்று. வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது, நம்பகமான அளவுமானியால் பாருங்கள். கனமான வண்டிகளில் 5 பிஎஸ்ஐ குறைந்தாலே குணம் மாறிவிடும். பின் டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2217 என்றால் 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000க்கு முன் தயாரான டயர், மேற்கொண்டு யோசிக்காமல் கழற்றிவிடுங்கள். உள்நூல் அமைப்பில் வேறுபடும் இருவகை டயர்களை, முன்னால் ரேடியல், பின்னால் பயஸ் என்று கலந்து போட்டிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

---

பழம்பட்டறை எழுதியது:

நெடுவழி, "வயது வண்டி என்றால் இப்படித்தான்" என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது அந்த வண்டி நேராக ஓடியது. தேய்ந்தவற்றைச் சரிசெய்தால் இன்றும் ஓடும். பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட வண்டிகளோடுதான் என் பொழுது போகிறது.

நீங்கள் நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விவரிப்பிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது ஒரு நோய் அல்ல, இரண்டு. முதலாவது முன்பக்க நடுக்கம், ஆங்கிலத்தில் வாபிள் என்பது. ஹேண்டில், ஃபோர்க், முன்சக்கரம் ஆகிய மூன்றும் ஸ்டீயரிங் அச்சைச் சுற்றி வினாடிக்கு ஆறு முதல் பத்து முறை வரை ஆடும், எண்ண முடியாது. இரண்டாவது அலைவு, வீவ் என்பது. மீன் வாலை வீசுவது போல வண்டி முழுவதும் வினாடிக்கு இரண்டு முதல் நான்கு முறை அசையும். மனத்துக்குள் கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். முன்னதன் வேர் பெரும்பாலும் முன்பக்கத்தில் இருக்கும். பின்னதற்குப் பின்பக்கத்தையும் சுமையையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பொருள்களை வாங்கிக் குவிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நடுக்கம் ஏன் சரியாக 60ஐ ஒட்டி வருகிறது? உங்கள் முன்சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் அது வினாடிக்கு எட்டு முறைக்குச் சற்றுமேல் சுற்றுகிறது. ஸ்டீயரிங்கின் இயல்பான நடுக்க வேகமும் அங்கேயேதான். டயரில் சிறு மேடுபள்ளமோ, பேலன்ஸில் சில கிராம் வித்தியாசமோ இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு என்று சரியான தாளத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். டயர் மாற்றியதும் நடுக்கம் குறைந்தது அதனால்தான். ஆனால் புது டயர் போட்ட பிறகும் நடுக்கம் இருக்கிறது என்றால், அந்தத் தட்டைத் தாங்கி அடக்க வேண்டிய இடம் தளர்ந்திருக்கிறது. அது ஸ்டீயரிங் பேரிங், நாம் கோன் செட் என்று சொல்வது.

இதைச் சோதிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பட்டறைகளில் பெரும்பாலும் அவசரமாகச் செய்துவிடுகிறார்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து, இடது கோடியிலிருந்து மிக மெதுவாக நடுவுக்குக் கொண்டு வாருங்கள். முழுக் கையால் பிடித்தால் எதுவும் தெரியாது. நேராக வரும் இடத்தில் ஹேண்டில் தானாக ஒரு குழிக்குள் இறங்கி நின்றால், அங்கிருந்து நகர்த்தச் சிறு உந்தல் தேவைப்பட்டால், பேரிங் போய்விட்டது. நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நேராகவே ஓடும்போது பேரிங்கின் குண்டுகள் ஒரே இடத்தில் நின்று அடிவாங்கி, அவை உருளும் வளையமான ரேஸில் பள்ளம் பறித்துவிடுகின்றன. டூரிங் வண்டிகளில் இது சகஜம். பிரேக் ஹோஸும் கேபிள்களும் ஹேண்டிலை இழுத்து உங்களைக் குழப்பக்கூடும். அவற்றின் இழுப்பு கோடி வரை சீராகக் கூடும், பள்ளம் நடுவில் மட்டும் தெரியும்.

அடுத்து, ஃபோர்க்கின் கீழ் நுனிகளைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். டொக்கென்று ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு ஒருவரை இழுக்கச் சொல்லிவிட்டு, சேஸின் கழுத்தும் ஃபோர்க்கின் கீழ்த்தட்டும் சந்திக்கும் இடுக்கில் உங்கள் விரலை வையுங்கள். விரலுக்கடியில் அசைவு தெரிந்தால் கோன் செட். அங்கே அசைவில்லாமல் கீழே மட்டும் ஆடினால், ஃபோர்க் குழாய்களுக்கு இடையே இருக்கும் புஷ்ஷின் தேய்மானம்.

டயர் மாற்றியபோது முன் ஆக்சிலைக் கழற்றியிருப்பார்கள் அல்லவா? ஆக்சில் நட்டை இறுக்கிய பிறகு, ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டைத் தளர்வாக விட்டு, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நன்றாக நான்கைந்து முறை அமுக்கி எழுப்ப வேண்டும். அதன் பிறகுதான் பிஞ்ச் போல்ட்டை இறுக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். டயரின் பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே ஒளிந்திருந்தால் டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை.

இனி அலைவு. முதல் சோதனைக்குக் காசே வேண்டாம்: பின்பெட்டியைக் கழற்றிவிட்டு, தனியாக, அதே சாலையில் போய் வாருங்கள். பின் ஆக்சிலுக்கும் பின்னால் உயரத்தில் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் சுமையைக் குறைக்கிறது, அலைவுக்கு வலுக்கொடுக்கிறது. பல மேனுவல்களில் பின்பெட்டிக்கான வரம்பு 10 கிலோவுக்குள்தான் இருக்கும். பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. அதற்குப் பிறகு ஸ்விங் ஆர்ம், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை. ஷாக் அப்சார்பர்களின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். ஷாஃப்ட் டிரைவ் வண்டிகள் பலவற்றில் ஸ்விங் ஆர்ம், குண்டுகளுக்குப் பதில் கூம்பு உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங்கில் நிற்கிறது, தளர்ந்திருந்தால் இறுக்கி அளவுக்குக் கொண்டு வரலாம். 94,000 கி.மீ. ஓடியதில் யாராவது அதைத் தொட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். கையை முழுவதும் விட்டுச் சோதிக்கவே வேண்டாம். உள்ளங்கைகள் பிடியின்மேல் படாமல் ஒரு விரல் இடைவெளியில் இருந்தால் போதும், அதுவும் வாகனமில்லாத நேரான சாலையில்.

---

இருசக்கரன் எழுதியது:

மேலே சொன்னது அனைத்தும் சரி. ஆனாலும் பட்டறையில் சொன்ன ஸ்டீயரிங் டேம்பரைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? நான் பொருத்தியிருக்கிறேன், நடுக்கம் அறவே இல்லை.

---

பழம்பட்டறை எழுதியது:

இருசக்கரன், உங்கள் வண்டியில் நடுக்கம் மட்டும் இருந்திருக்கலாம். நெடுவழியின் வண்டியில் இரண்டும் இருப்பதால்தான் எனக்குத் தயக்கம். 1971இல் ஆர்.எஸ். ஷார்ப் மோட்டார் சைக்கிளின் நிலைத்தன்மையைக் கணக்கிட்டு வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாக வருகிறது: ஸ்டீயரிங் டேம்பர் நடுக்கத்தை அடக்கும், அதே நேரத்தில் அதிவேக அலைவை மோசமாக்கும். 60இல் வருகிற தொல்லையை ஒழித்துவிட்டு, 110இல் மனைவியோடு போகும்போது வருகிற தொல்லையை அவர் வளர்க்கக் கூடாது. பள்ளம் விழுந்த பேரிங்கை டேம்பர் மூடி மறைத்துவிடும் என்பதும் இருக்கிறது. எல்லாம் சரியான பிறகு ஒருவர் விரும்பிப் பொருத்தினால் நான் தடுக்க மாட்டேன்.

---

நெடுவழி எழுதியது:

பழம்பட்டறை ஐயா, மிக்க நன்றி. இரண்டு விரல் சோதனை செய்தேன். நடுவில் பள்ளம் தெளிவாக இருக்கிறது. சற்றுத் தள்ளிவிட்டால் திரும்பி அங்கேயே வந்து நிற்கிறது. கழற்றிப் பார்த்தபோது கீழ் ரேஸில் வரிசையாகக் குண்டுகளின் தடம், நகத்தால் வருடினால் ஒவ்வொன்றும் தட்டுப்படுகிறது. கிரீஸ் காய்ந்து பழுப்பு மெழுகாகியிருந்தது. முன் டயரின் கோடு சுற்றிலும் சமமாக இருக்கிறது. காற்று முன்னால் 4 பிஎஸ்ஐ குறைவு, சரிசெய்துவிட்டேன். பின் டயருக்கு ஐந்து வயது, இரண்டும் பயஸ்தான்.

பின்பெட்டி இல்லாமல் ஓட்டியதில் 120 வரை அலைவே இல்லை. பெட்டியைக் காலியாக மாட்டினால் லேசாக இருக்கிறது. ஸ்விங் ஆர்மில் பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் தெரிகிறது. டேப்பர் ரோலர் கோன் செட் வாங்கியிருக்கிறேன். பொருத்தும்போது எவ்வளவு இறுக்க வேண்டும்?

---

பழம்பட்டறை எழுதியது:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். புது ரேஸை அடிப்பதற்கு முன் இரவு முழுவதும் ஃப்ரீசரில் வையுங்கள், சேஸின் கழுத்தைச் சற்றுச் சூடாக்குங்கள், அதிகம் அடிக்காமலே இறங்கும். கடைசியில் சத்தம் மாறும். மந்தமான ஒலி கணீரென்று ஆகும்போது அடிவரை உட்கார்ந்துவிட்டது என்று பொருள். ரோலர்களுக்கு இடையே கிரீஸ் மறுபக்கம் பிதுங்கும்வரை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் திணியுங்கள்.

இறுக்கத்துக்கு மேனுவலில் ஓர் அளவு இருக்கும்: ஃபோர்க் குழாயில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் எவ்வளவு விசையில் ஹேண்டில் நகரத் தொடங்க வேண்டும் என்பது. அதைத்தான் நம்ப வேண்டும், கைப்பதத்தை அல்ல. மேல்தட்டின் பெரிய நட்டை முழுமையாக இறுக்கிய பிறகு அளவெடுங்கள்; அந்த நட்டை இறுக்கும்போது பேரிங்கின் இறுக்கமும் கூடிவிடுகிறது, பலர் அதற்கு முன்பே அளந்து விடுகிறார்கள். மேனுவலின் அளவு பழைய குண்டு பேரிங்குக்கானது, டேப்பர் ரோலருக்கு அதன் மேல் எல்லையை ஒட்டி வையுங்கள். அளவுக்கு மீறினால், நிற்கப்போகும் மெதுவான வேகத்தில் வண்டி இடமும் வலமுமாகத் தள்ளாடும், அதுவே அடையாளம். 1,000 கி.மீ. ஓடியதும் ரேஸ்கள் நன்றாகப் படிந்து சற்றுத் தளர்ந்திருக்கும், மறுபடி அளந்து இறுக்குங்கள்.

ஸ்விங் ஆர்மை இதோடு சேர்த்துச் செய்யாதீர்கள். முன்பக்கம் முடிந்து ஓட்டிப் பார்த்த பிறகு திறவுங்கள்.

---

நெடுவழி எழுதியது:

முன்பக்கம் முடிந்தது. 75இலிருந்து 40 வரை உள்ளங்கைகளை விலக்கி வைத்தபடி இறங்கி வந்தேன். நடுக்கம் இல்லை, சிறு துடிப்புகூட இல்லை. இத்தனை அமைதியாக இந்த ஹேண்டிலை நான் பார்த்ததே இல்லை!

பிறகு ஸ்விங் ஆர்மைத் திறந்தேன். இடது பேரிங்கில் துரு, இரண்டையும் மாற்றி மேனுவல் அளவுக்கு இறுக்கினேன். பின்பெட்டியோடு 115இல் லாரிக் காற்றிலிருந்து வெளியே வரும்போது ஒரே ஒரு அசைவு, உடனே அடங்கிவிடுகிறது. சாமான் 8 கிலோ வைத்தால் இரண்டு மூன்று அசைவுகள். ஷாக் அப்சார்பர்கள் பழையவைதான். அடுத்து அவையா, விண்ட்ஷீல்டா?

---

பழம்பட்டறை எழுதியது:

ஷாக் அப்சார்பர். வண்டியின் பின்பகுதியை அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். எழுந்து, தாழ்ந்து, மறுபடி எழுந்தால் உள்ளே டேம்பிங் இல்லை. புதிதாக வாங்கும்போது பழையதன் நீளத்தையே வாங்குங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஃபோர்க் சாய்ந்து, முன்சக்கரத்தின் சுமையும் குறையும். அதுவரை கனமான சாமானைப் பக்கப் பெட்டிகளின் அடியில், முன்புறமாக வையுங்கள், பின்பெட்டியில் மழைச்சட்டை மட்டும் போதும். அலைவு வந்தால் பிரேக்கைப் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை மெதுவாகக் குறைத்து, இருவரும் சற்று முன்னே குனியுங்கள்.

இன்னொன்று: பின்பெட்டியின் தாங்கியில் ஒன்றுக்கு மேற்பட்ட துளை வரிசைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில தாங்கிகளில் இருக்கும். மனைவியின் முதுகில் இடிக்காத அளவுக்கு இரண்டு அங்குலம் முன்னே நகர்த்த முடிந்தாலும் நகர்த்திவிடுங்கள்.