உதவி: வெயில் ஏற ஏற இதயத்துடிப்பு இறங்குவதாகக் காட்டுகிறது

நாட்டால்கரும்பு:
வணக்கம். டர்பனுக்கு வடக்கே, டோங்காட் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களை வெயில் எவ்வளவு வாட்டுகிறது என்று பார்க்கும் ஆய்வுக்குக் கருவி செய்திருக்கிறேன். மார்புப் பட்டை ஒவ்வொரு துடிப்புக்கும் 5 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு சிக்னல் அனுப்பும். இடுப்பிலுள்ள ரிசீவர் அதை வாங்கும். மைக்ரோகன்ட்ரோலர் இரு துடிப்புகளின் இடைவெளியை அளந்து, எம்சிபி4725 டிஏசி (எண்ணை வோல்டேஜாக மாற்றும் சிப்) வழியாக வோல்டேஜ் ஆக்கும். அதைப் பதிவு செய்யும் லாகர் பழையது, எண்ணாக அனுப்பினால் ஏற்காது, அனலாக் வோல்டேஜ் மட்டும்தான் ஏற்கும். நிமிடத்துக்கு 140 துடிப்பு என்றால் 1.40 வோல்ட்.

காலையில் சரியாக இருக்கிறது. மதியம் கெடுகிறது. நேற்று ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்து நானே எண்ணினேன். கரும்புக் கரி அப்பிய கை, 15 விநாடியில் 35 துடிப்பு. லாகரில் 122! வியர்த்து நீர் குறையும்போது துடிப்பு ஏறத்தானே வேண்டும்? இதை நம்பி அறிக்கை எழுதினால் மதிய ஓய்வே தேவையில்லை என்று ஆகிவிடும். அதுதான் பயம்.

பழையரேடியோ:
பக்கத்தில் வேறு யாராவது பட்டை கட்டியிருந்தார்களா? தனி அடையாளக் குறியீடு அனுப்பாத பட்டைகள் ஒரு மீட்டருக்குள் வந்தால் கலந்துவிடும்.

நாட்டால்கரும்பு:
இல்லை அண்ணா, தள்ளித்தான் நின்றார்கள்.

பழையரேடியோ:
கலந்திருந்தால் எண்ணிக்கை கூடியிருக்கும். துடிப்பு ஒன்று விட்டுப்போனால் 140 சட்டென்று 70 ஆகும். உங்களுக்கு மெல்லத்தான் சரிகிறது. டிஏசிக்கு மின்சாரம் எங்கிருந்து?

நாட்டால்கரும்பு:
ஒற்றை லித்தியம் செல். நேரடியாக.

ஈயப்பற்று:
கோளாறு அங்கேதான் தம்பி. 4725-க்குத் தனி ரெஃபரன்ஸ் கிடையாது, சப்ளை வோல்டேஜ்தான் அதற்கு அளவுகோல். முழு சார்ஜில், 4.2 வோல்ட்டில் அளவு வைத்திருப்பீர்கள். செல் 3.66-க்கு இறங்கினால் 1.40 வரவேண்டிய இடத்தில் 1.22 வரும். உங்கள் 122 அதுதான்.

செல் இறங்கினாலும் வோல்டேஜை நிலையாக வைக்க 3.3 வோல்ட் ரெகுலேட்டர் போடுங்கள், ஆனால் 1117 வகை வேண்டாம். அது வெளியே தரும் வோல்டேஜைவிட உள்ளே வருவது ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும், உங்கள் செல்லில் அவ்வளவு இல்லை. குறைந்த இடைவெளியிலும் வேலை செய்யும் எம்சிபி1700 ரெகுலேட்டர் போதும். அப்புறம் புரோகிராமில் அளவை 3.3-க்கு மாற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 5 விநாடி 1.00 வோல்ட்டை வெளியே விடுங்கள். லாகரில் அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

நாட்டால்கரும்பு:
மேசையில் 140-ஐ நிலையாக வைத்து அளந்தேன். செல் 3.65, வெளியே 1.22. நன்றி அண்ணா. ரெகுலேட்டர் மாட்டிவிட்டேன், செல் இறங்கினாலும் 1.40 அசையவில்லை. பழைய பதிவுகளில், நாடி பிடித்து நோட்டில் எழுதிய நாட்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.