பொந்துத் தேனீ புதுக் கூட்டம்: பாகு வைத்தும் அடை கட்டவில்லை, பாகை நிறுத்தவா, கூட்டவா?

பகோ வயல்வீடு

எல்லோருக்கும் வணக்கம். மியான்மரில், பகோவுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். பதினேழு நாளுக்கு முன் எங்கள் மாமரக் கிளையில் பொந்துத் தேனீக் கூட்டம் ஒன்று வந்து தொங்கியது. உரிக்காத தேங்காய் அளவு இருக்கும். இத்தாலியத் தேனீ வளர்த்த ஒருவரிடம் பழைய பெட்டி வாங்கி, மாலையில் கூட்டத்தை அதில் இறக்கினேன். பெட்டியில் அடை கட்டுவதற்கான பத்து மரச்சட்டம். பத்திலும் அவர் கொடுத்த, அறை வடிவம் அச்சடித்த மெழுகுத் தாளை முழுதாகப் பதித்தேன்.

முதல் வாரம் நன்றாகப் போனது. தாளைத் தொடாமல், ஒரு சட்டத்தில் தாள் விழுந்துபோன இடத்தில் தாங்களாகவே அடை தொடங்கின. அடுத்த சட்டத்திலும் உள்ளங்கை அளவு கட்டின. முட்டையும் பார்த்தேன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பூ இல்லையே என்று பனைவெல்லத்தைக் கரைத்துத் தட்டில் ஊற்றி, வாசலுக்கு முன்னால் வைத்தேன். ஐந்து நாளாகத் தினமும் அரை லிட்டர்.

இப்போது அடை வேலை நின்றுவிட்டது. தாளைக் கடித்துத் தூளாக அடிப்பலகையில் போட்டிருக்கின்றன. முன்பலகையில் பழுப்பு நிறத்தில் கோடு கோடாக எச்சம். கூட்டமும் மெலிந்தாற்போல் தெரிகிறது. தட்டைச் சுற்றி முசுறு எறும்பு. நேற்றுப் பகலில் வாசலில் தேனீக்கள் ஒன்றையொன்று கட்டிப் புரண்டன.

என் தாத்தா பொந்தில் தேன் எடுக்கும்போது ஓர் அடையை அப்படியே விட்டுவிட்டுத்தான் வருவார். அவர் நினைவாகத்தான் இந்தப் பெட்டி. ஓடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பாகைக் கூட்டட்டுமா, நிறுத்தட்டுமா?

மாந்தளைப் பெட்டி

தம்பி, முதலில் அந்தத் தட்டை எடுங்கள். இன்றிரவே. சிந்திய இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வாசலில் புரண்டது உங்கள் தேனீக்களும் திருட வந்த வேறு கூட்டத்துத் தேனீக்களும். வெளியே, அதுவும் பகலில் இனிப்பு வைத்தால் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அழைப்பு வைத்த மாதிரி. சின்னக் கூட்டத்தால் எதிர்த்து நிற்க முடியாது. வாசலை இரண்டு விரல் அகலம் விட்டு மீதியை அடைத்துவிடுங்கள்.

அடுத்தது வெல்லம். பனைவெல்லம் நமக்கு நல்லது, தேனீக்கு ஆகாது. அதிலுள்ள உப்புகளும் செரிக்காத பொருளும் குடலில் தங்கிவிடும். வெயில் நாளாக இருந்தால் வெளியே பறந்துபோய்க் கழித்துவிட்டு வரும். மழையில் அடைந்து கிடக்கும்போது பெட்டியிலேயே கழிகிறது. நீங்கள் பார்த்த கோடுகள் அதுதான் என்று நினைக்கிறேன். சுத்தமான வெள்ளைச் சர்க்கரை மட்டும் கொடுங்கள். நாட்டுச் சர்க்கரை, பழுப்புச் சர்க்கரை எதுவும் வேண்டாம்.

கடைத் தேனும் வேண்டாம். தேன்தானே என்று சிலர் ஊற்றிவிடுகிறார்கள். எந்தக் கூட்டத்துத் தேன், அதில் என்ன நோய் என்று யாருக்குத் தெரியும்? 1976இல் தாய்லாந்தில் கண்டறிந்த பைப்புழு நோய் நம் பொந்துத் தேனீயைத்தான் தாக்கும். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் கூட்டம் கூட்டமாக அழித்தது.

மோல்மீன் ரப்பர்தோட்டம்

மாந்தளை அண்ணன் சொன்னது அத்தனையும் செய்யுங்கள். ஆனால் உங்கள் சிக்கலின் வேர் தீனியில் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். நான் பொந்துத் தேனீ மட்டுமே வைத்திருக்கிறேன், ஏழு பெட்டி. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, மெழுகுத் தாள். அது இத்தாலியத் தேனீக்கு அச்சடித்தது. அறையின் அகலம் சுமார் 5.4 மில்லிமீட்டர் இருக்கும். நம் தேனீ சிறியது, அதன் வேலைக்கார அறை ஐந்துக்கும் கீழே. வேறு ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை யார் போடுவார்கள்? கடித்துப் போட்டது அதனால்தான். கட்டத் தொடங்காத சட்டங்களில் தாளை முழுதாகக் கழற்றுங்கள். மேல்கட்டையின் அடியில் அரை அங்குலப் பட்டை மட்டும் விடுங்கள், அல்லது உருக்கிய மெழுகை ஒரு கோடாக ஊற்றுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு தங்கள் அளவில் கட்டிக்கொள்ளும்.

இரண்டு, இடம். தேங்காய் அளவுக் கூட்டத்துக்குப் பத்துச் சட்டப் பெட்டி என்பது நாலு பேர் குடும்பம் கல்யாண மண்டபத்தில் குடியேறுவது போல. மெழுகு சுரக்க வெப்பம் வேண்டும், கூட்டத்தின் நடுவில் 35 டிகிரி அளவில் இருக்க வேண்டும். இளம் வேலைக்காரத் தேனீக்கள் சங்கிலி போலக் கைகோத்துத் தொங்கி, அடிவயிற்றில் உள்ள நாலு ஜோடிச் சுரப்பிகளிலிருந்து செதில் செதிலாக மெழுகை எடுக்கும். வெற்றிடத்தைச் சூடாக்கவே சக்தியெல்லாம் போனால் எப்படி எடுக்கும்? கட்டிய இரண்டு அடை, பக்கத்தில் பட்டை வைத்த இரண்டு சட்டம், அதோடு ஒரு தடுப்புப் பலகை. மீதி ஆறு சட்டத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

கூட்டம் மெலிந்ததற்குப் பயப்படாதீர்கள். வந்த தேனீக்கள் வயதாகிச் சாகும், முட்டை தேனீயாகி வெளிவர ஏறக்குறைய இருபது நாள் ஆகும். புதுக் கூட்டம் எதுவானாலும் முதல் மூன்று வாரம் குறைந்துவிட்டுத்தான் ஏறும். இந்த இடைவெளியில்தான் பலர் பதறிப்போய்ப் பாகைக் குடம் குடமாக ஊற்றுகிறார்கள்.

பகோ வயல்வீடு

நன்றி அக்கா, நன்றி அண்ணே. தட்டை எடுத்துவிட்டேன், வாசலையும் சுருக்கியாயிற்று. வெள்ளைச் சர்க்கரை அரை வீசை வாங்கி வைத்திருக்கிறேன். எந்த அளவில் கரைப்பது, உள்ளே எதில் வைப்பது?

மாந்தளைப் பெட்டி

அடை கட்டும் கூட்டத்துக்குச் சரிக்குச் சரி. பால் டப்பாவால் ஒரு டப்பா சர்க்கரை, ஒரு டப்பா தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அப்புறம் சர்க்கரையைப் போட்டுக் கலக்குங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம், தீய்ந்த சர்க்கரை தேனீக்கு நஞ்சு. நன்றாக ஆறிய பிறகு வையுங்கள். இரண்டுக்கு ஒன்று என்று கெட்டியாகக் கரைப்பது சேமிப்புக்கு. நீர்த்த பாகு புதுத் தேன் வரத்து போல இருப்பதால் கட்டும் வேலையைத் தூண்டும்.

நான் என் இத்தாலியப் பெட்டிகளுக்கு மழைக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு லிட்டர் வைப்பேன். உங்களுக்கு அதில் கால் பங்கு போதும்.

மோல்மீன் ரப்பர்தோட்டம்

உள்ளே வைக்கக் கொட்டாங்கச்சியை விடச் சிறந்தது இல்லை. தடுப்புப் பலகைக்கு அப்பால், காலியாக இருக்கும் பக்கத்தில் வையுங்கள். பலகையின் அடியில் தேனீ நுழைய வழி இருக்கட்டும். நாலைந்து ஈர்க்குச்சியை உடைத்து மிதக்கவிடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். பொழுது சாய்ந்த பிறகு மட்டும்.

அளவில் அண்ணனோடு எனக்குக் கொஞ்சம் வேறுபாடு. கால் லிட்டர் என்று கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். முதல்நாள் அரைக் கொட்டாங்கச்சி. காலையில் காய்ந்திருந்தால் அன்று மாலையும் அதே அளவு. மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டு ஒருநாள் விடுங்கள், இந்த ஈரத்தில் இரண்டு நாளில் புளித்துவிடும். ஏன் இவ்வளவு கறார் என்றால், பாகை வைக்க அறை வேண்டும். அடை இரண்டே இருக்கும்போது வெள்ளமாக ஊற்றினால் ராணி முட்டையிட வேண்டிய அறைகளையெல்லாம் பாகால் நிரப்பிவிடும். முட்டை நின்றால் கூட்டம் நின்றது. பொந்துத் தேனீ அந்த நிலையில் ஒருநாள் காலையில் மொத்தமாகக் கிளம்பிவிடும். எனக்கு இரண்டு பெட்டி அப்படிப் போயிருக்கின்றன, இரண்டும் பாகு நிறைய இருந்த பெட்டிகள். அடை வளர வளரத் தீனியை வளர்த்துங்கள். தீனி அடையை முந்தக் கூடாது.

மாந்தளைப் பெட்டி

ஒப்புக்கொள்கிறேன். இத்தாலியப் பெட்டிக் கணக்கை அப்படியே சொன்னது தவறு.

தச்சுப்பட்டறை

நான் பெட்டி செய்பவன். சட்டத்தையும் பாருங்கள். இத்தாலியச் சட்டம் ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடு வரை 35 மில்லிமீட்டர் வரும்படி, பக்கக் கட்டையில் தோள் போல அகலம் வைத்தது. நம் தேனீக்கு 31, 32 போதும். இடைவெளி கூடினால் குறுக்கே கட்டிச் சட்டங்களை ஒட்டிவிடும், பிறகு தூக்கினாலே அடை பிய்யும். புதிதாக வைக்கும் சட்டங்களின் பக்கக் கட்டையை இழைப்புளியால் இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் சீவினால் சரியாகிவிடும். எறும்புக்குப் பெட்டிக் காலை எண்ணெய்க் கிண்ணத்தில் வைப்பீர்கள், மழையில் அது நிரம்பி எண்ணெய் வழிந்து போய்விடும். காலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு கிரீஸ் தடவுங்கள். முசுறு மரக்கிளை வழியாகவும் இறங்கும், பெட்டியைத் தொடும் கிளையை வெட்டுங்கள்.

பகோ வயல்வீடு

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நாலு சட்டத்துக்குச் சுருக்கிய மூன்றாம் நாளே பட்டைக்கு அடியில் வெள்ளை வெளேர் என்று புது மெழுகு. இப்போது நாலு அடை. முன்பலகையைக் கழுவிய பிறகு புதுக் கோடு இல்லை. நேற்று முன்தினம் மழை விட்ட ஒரு மணி நேரத்தில் வாசலில் இளந்தேனீக்கள் பெட்டியைப் பார்த்தபடி மேலும் கீழும் ஆடிப் பறந்தன. நானும் அம்மாவும் குடைக்கு அடியில் நின்று பார்த்தோம். அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு சந்தேகம். புழு இருக்கும் அறைகளில் வெள்ளையாகத் தெரியும் பால் குறைந்து, புழு வறண்டாற்போல் இருக்கிறது. நாலாவது அடையின் மேல்பாதி முழுவதும் பாகு. என்ன செய்ய?

மோல்மீன் ரப்பர்தோட்டம்

முதல் சந்தேகத்துக்கு விடை மகரந்தம். சர்க்கரை உழைக்கத்தான் உதவும், புழுவை வளர்க்காது. புழுவுக்குப் பால் ஊட்டும் தேனீ மகரந்தம் தின்ன வேண்டும். வாசலில் பத்து நிமிடம் உட்கார்ந்து, காலில் உருண்டையோடு எத்தனை வருகின்றன என்று எண்ணுங்கள். உங்கள் ஊரில் தென்னை உண்டு, வரப்பில் தொட்டாற்சுருங்கி பூக்கும், சோளம் போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் விடாத மழையில் வெளியே போக முடியாது. அப்படிப்பட்ட வாரத்தில் எண்ணெய் எடுத்த சோயா மாவில் சர்க்கரைப் பொடி கலந்து, கொஞ்சம் பாகு விட்டுச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, கட்டைவிரல் அளவு உருண்டையைத் தட்டையாக்கிச் சட்டத்தின் மேல் வையுங்கள். மூன்று நாளில் தின்னாததை எடுத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும்.

இரண்டாவதற்குப் பாகை இன்றே நிறுத்துங்கள். மேல்பாதி நிறைந்தது போதும், மழைக்கு அது கையிருப்பு. அந்த அடையை ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் பட்டை வைத்த ஒரு சட்டம் கொடுங்கள், மழை விட்ட நேரமாகப் பார்த்து. வாரம் ஒருமுறை பெட்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கனம் பாருங்கள். கனம் குறைந்தால் மட்டும் மறுபடி தொடங்கலாம்.

இன்னொன்று. இந்தப் பாகு அடையில் இருக்கும்வரை தேன் எடுக்காதீர்கள். அது தேன் இல்லை. எடுத்து விற்றால் வாங்குபவரை ஏமாற்றுவது, தின்றால் தேனீயின் சோற்றை எடுப்பது.

பகோ வயல்வீடு

எடுக்க மாட்டேன் அக்கா. தாத்தாவும் எடுத்திருக்க மாட்டார்.

இன்று மாலை கொட்டாங்கச்சியைக் கழுவிக் கவிழ்த்தேன். தச்சர் அண்ணன் சொன்னபடி தோள் சீவிய சட்டத்தை நடுவில் வைத்தேன். மூடும்போது மூன்றாவது அடையில் ராணியைப் பார்த்தேன், ஓர் அறைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தாள்.