மூச்சை அளக்காமல் விஓ2 மேக்ஸைக் கடிகாரம் எப்படிச் சொல்கிறது?

கேள்வி:
வணக்கம். எனக்கு வயது 40. ஓராண்டாக ஓடி வருகிறேன். என் கடிகாரம் 48 என்று காட்டிவந்த விஓ2 மேக்ஸ் (உச்ச உழைப்பில் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உடல் பயன்படுத்த முடியும் என்ற அளவு), வெயில் காலம் தொடங்கிய மூன்று வாரங்களில், ஒரு நாள்கூடப் பயிற்சியை விடாதபோதும் 45 ஆக இறங்கிவிட்டது. ஆய்வகத்தில் முகக்கவசம் மாட்டி மூச்சுக்காற்றைப் பகுத்துக் கண்டறியும் அளவை மணிக்கட்டுக் கருவி எதைக்கொண்டு சொல்கிறது? என் திறன் உண்மையிலேயே குறைந்துவிட்டதா?

மறுமொழி 1:
கடிகாரம் ஆக்சிஜன் பயன்பாட்டை அளப்பதே இல்லை. வேகத்தையும் இதயத் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. சமதளத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 37 மில்லிலிட்டர் ஆக்சிஜன் தேவை. துடிப்பும் ஆக்சிஜன் தேவையும் ஏறக்குறைய ஒரே சீராக உயர்வதால், அந்த வேகத்தில் உங்கள் இதயம் தன் உச்சத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது தெரிந்தால், உச்சத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துவீர்கள் என்று கணக்கை நீட்டிப் பார்க்கலாம்.

சிக்கல் அந்த "உச்சம்" என்ற எண்ணில்தான் இருக்கிறது. பல கருவிகள் தொடக்கத்தில் வயதைக்கொண்டே அதை வைத்துக்கொள்கின்றன. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய வாய்பாட்டின்படி உங்களுக்கு 180. ஓய்வில் 60, ஓடும்போது 150 என்று துடிப்பு இருந்தால், எளிய கணக்கில் விடை 48 வரும். உண்மையான உச்சம் 192 என்றால், அதே ஓட்டத்திற்கு விடை 52.

மறுமொழி 2:
மூன்று வார இறக்கத்திற்கு வெப்பமே காரணமாக இருக்கலாம். உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் இரத்தம் செல்கிறது, வியர்வையால் இரத்த நீர்மமும் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைந்து, அதே வேகத்திற்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாத கருவி இதைத் திறன் இழப்பாகவே எடுத்துக்கொள்ளும். மணலில் ஓடினாலும் எதிர்க்காற்றில் ஓடினாலும் இதே நிலைதான். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து உட்கொள்வோருக்கோ துடிப்பு அடங்கியே இருப்பதால், எண் பொய்யாக உயரக்கூடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அமைப்பைத் திறந்து பார்த்தேன். உச்சத் துடிப்பு 180 என்றே இருக்கிறது. ஆனால் சென்ற மாதம் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை அணிந்து மேட்டில் விரைந்தோடியபோது 191 வரை கண்டேன்.

மறுமொழி 1:
அப்படியானால் 191 என்றே மாற்றிவிடுங்கள். மாற்றியதும் எண் உயர்ந்தால் அதை முன்னேற்றமாகக் கருத வேண்டாம். அங்கிருந்து புதிதாகக் கணக்கைத் தொடங்கி, குளிர்ந்த காலை வேளையில் ஒரே சமதளப் பாதையில் ஓடிய நாட்களை மட்டும் ஒப்பிடுங்கள்.