டீலக்ஸ் ரிவெர்பில் 16 ஓம் கேபினட்டைச் செருகலாமா?

ஆறாம்தந்தி:
என்னுடைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், இரண்டு 6வி6 வால்வுகளுடன் (ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்கள்) 8 ஓம் ஸ்பீக்கருக்காக அமைந்த கிட்டார் ஆம்ப். நண்பரின் 16 ஓம் கேபினட்டை (தனி ஸ்பீக்கர் பெட்டியை) அதில் செருகினால் கேடு ஏதும் வருமா?

ஓம்காரன்:
செருக வேண்டாம். வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலுள்ள அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர், ஸ்பீக்கரின் ஓம் அளவைத் தன் சுருள்களின் சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி வால்வுகளுக்குக் காட்டுகிறது. 8 ஓம் இருக்கையில் ஏறத்தாழ 6,600 ஓம் சுமையைக் காணும் வால்வுகள், 16 ஓம் செருகியதும் 13,200 ஓம் காணும். வால்யூமை முழுக்கத் திருப்பி வாசிக்கும்போது வால்வின் வெளியீட்டு மின்முனையான பிளேட்டில் மின்னழுத்தம் எகிறும். வால்வின் உள்ளிருக்கும் ஸ்கிரீன் கிரிட் என்ற கம்பிவலை சூடேறும். மிஞ்சினால் வால்வு சாக்கெட்டின் 3ஆம் பின்னிலிருந்து (பிளேட்டின் பின்) பக்கத்து ஹீட்டர் பின்னுக்குத் தீப்பொறி பாய்ந்து, பேக்கலைட்டில் கரிக்கோடு விழும். அந்தக் கோடு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் சாக்கெட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

வால்வுப்பித்தன்:
ஓம்காரன் அளவுக்கு மீறி அச்சுறுத்துகிறார். 8 ஓம் என்பதே பெயரளவு எண்தான். அந்த ஸ்பீக்கரில் மல்டிமீட்டரை வைத்தால் 6 அல்லது 7 ஓம் காட்டும். கூம்பு ஒத்ததிரும் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்திலோ அது பல மடங்கு உயரும். கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ் என்பதால், கீழ்ச்சுரங்களை மீட்டும்போதெல்லாம் இந்த வால்வுகள் பொருந்தாச் சுமையைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. மேலும், ஃபெண்டரே இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகச் சேர்க்கக் கூடுதல் ஜாக் வைத்து, 4 ஓமுக்கு இறங்க இடம் கொடுத்திருக்கிறது.

ஓம்காரன்:
ஃபெண்டர் இடம் கொடுத்தது இறங்குவதற்கு. கேட்கப்பட்டிருப்பது ஏறுவதைப் பற்றி. சுமை இறங்கினால் மின்னோட்டம் கூடி வால்வு விரைவில் தேயும், அதை மாற்றிக்கொள்ளலாம். ஏறினால் அடி விழுவது ட்ரான்ஸ்பார்மர் சுருளின் காப்புக்கு. நீங்கள் சொல்லும் ஒத்ததிர்வு உச்சம் 16 ஓம் கேபினட்டுக்கும் உண்டு, அதுவும் இரட்டிப்பாக.

வால்வுப்பித்தன்:
நான்கு ஈஎல்34 வால்வுகள் கொண்ட 100 வாட் மார்ஷலில் இரண்டைக் கழற்றிவிட்டு, 16 ஓம் கேபினட்டுக்கு ஆம்பின் ஓம் தேர்வுச் சுவிட்சை 8இல் வைப்பது பலரின் வழக்கம். பொருந்தாத எண்தானே அங்கே சரியானதாகிறது?

ஓம்காரன்:
வால்வுகள் பாதியானதால் அவற்றுக்கு வேண்டிய சுமை இரு மடங்காகிறது. ஆகவே அது பொருத்தமேதான். டீலக்ஸில் இருப்பதோ ஒரே ஜோடி வால்வுகள், அதில் எதையும் கழற்ற வழியில்லை.

வால்வுப்பித்தன்:
ஆம்பைப் பாதிக்குக் கீழே வைத்து வீட்டில் வாசிப்பவருக்கு 16 ஓமால் ஒலி சற்று அடங்குமே தவிர வேறொன்றும் நேராது என்பதே என் நிலை. ஸ்பீக்கரே இல்லாமல் வாசிப்பதுதான் உண்மையில் ஆபத்து.

ஆறாம்தந்தி:
கேபினட்டின் பின்பலகையைத் திறந்து பார்த்தேன். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன.

ஓம்காரன்:
அப்படியானால் அவற்றை இணையாக மாற்றுங்கள். 4 ஓம் கிடைக்கும். ஆம்பின் கூட்டுக்குள் உள்ள ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, இந்தக் கேபினட்டை முதன்மை ஜாக்கிலேயே செருகுங்கள். கூடுதல் ஜாக்கில் மட்டும் செருகினால், காலியாக உள்ள முதன்மை ஜாக் வெளியீட்டைக் குறுக்கிணைத்துவிடும் (ஷார்ட் சர்க்யூட்).