சவ்வில் பாதி புரதம் என்றால் படத்தில் ஏன் நாலைந்துதான் இருக்கிறது?

விடைதேடி:
நாளை மறுநாள் உயிர்வேதியியல் தேர்வு, இந்த ஒரு விஷயத்தில் மண்டை காய்கிறது. செல் சவ்வில் ஏறக்குறைய பாதி புரதம், பாதி லிப்பிட் (கொழுப்பு வகை) என்று பாடத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்தால் ஒரு தலையும் இரண்டு வாலுமாக லிப்பிட்டுகள் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நிற்கின்றன. புரதம் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து உருண்டைதான். இது பாதியா? அடுத்த பக்கத்தில் மைலினில் (நரம்பு இழையைச் சுற்றும் உறை) புரதம் சுமார் 20 சதவீதம், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் சுமார் 75 சதவீதம் என்று வேறு போட்டிருக்கிறார்கள். கேள்வியில் "செல் சவ்வின் வேதியமைப்பு" என்று மட்டும் வந்தால் எதை எழுதுவது?

பாசிப்பச்சை:
படமும் சரி, பாதி என்பதும் சரி. பாடத்தில் இருப்பது எடைக்கணக்கு, நீங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

படத்தில் இருக்கும் அந்த இரண்டு வால் லிப்பிட், அதாவது ஒரு பாஸ்போலிப்பிட் மூலக்கூறின் எடை சுமார் 750 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). நடுத்தர அளவுள்ள ஒரு புரதம் என்றால் 50,000 டால்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு புரதத்தின் எடைக்கு ஈடு கொடுக்க 65 லிப்பிட்டுகளுக்கு மேல் வேண்டும். எடையில் சரிபாதியாக இருந்தாலும் எண்ணிக்கையில் ஒன்றுக்கு அறுபது எழுபது என்று வருவது இதனால்தான். கொலஸ்ட்ராலிலும் இதே குழப்பம் உண்டு. அதன் எடை 387 டால்டன்தான், அதாவது பாஸ்போலிப்பிட்டில் பாதி. சிவப்பணுச் சவ்வில் எண்ணிக்கையில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தும், எடை போட்டால் கொலஸ்ட்ரால் பின்தங்கிவிடும். சதவீதம் என்று எங்கே பார்த்தாலும் முதலில் எதன் சதவீதம் என்று கேளுங்கள்.

விடைதேடி:
அட, இவ்வளவுதானா! ஆனால் இன்னொன்று இடிக்கிறது. அவ்வளவு கனமான புரதம் என்றால் சவ்வில் இடத்தையும் அதுதானே அடைத்துக்கொள்ள வேண்டும்? படத்தில் அப்படித் தெரியவில்லையே.

ஜெல்பட்டை:
புரதம் முழுவதும் சவ்வுக்குள் இருப்பதில்லை. சிவப்பணுவில் இருக்கும் கிளைக்கோஃபோரின் ஏ-யை எடுத்துக்கொள்ளுங்கள், 131 அமினோ அமிலங்கள். சவ்வின் எண்ணெய்ப் பகுதி சுமார் 3 நானோமீட்டர் தடிமன். புரதம் ஆல்ஃபா சுருள் என்ற திருகு வடிவில் சவ்வைக் கடக்கும்போது ஓர் அமினோ அமிலத்துக்கு 0.15 நானோமீட்டர், ஆகவே இருபது இருந்தால் குறுக்கே கடந்துவிடலாம். மீதி நூற்றுச் சொச்சமும் வெளியிலோ உள்ளேயோ தண்ணீரில்தான் இருக்கிறது. அதே சிவப்பணுவின் பட்டை 3 மாதிரி பல முறை உள்ளே வெளியே போய் வரும் புரதங்கள் நிஜமாகவே இடம் பிடிக்கும், அதையும் மறுப்பதற்கில்லை. உண்மையான சவ்வு படத்தில் இருப்பதைவிட நெரிசலானது. அந்த உருண்டைகளை அவ்வளவு தள்ளித் தள்ளி வரைவது பார்க்க அழகாக இருக்கிறது என்பதால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதைப் படிப்பதைவிடக் கையால் செய்து பார்த்தால் நன்றாகப் புரியும். சிவப்பணுக்களைக் கழுவி, உப்பு குறைந்த, குளிர்ந்த பஃபரில் ஊற்றினால் ஊதி வெடிக்கும், ஹீமோகுளோபின் வெளியேறிவிடும். சுழற்றியெடுத்து மறுபடி மறுபடி கழுவினால் சிவப்பு குறைந்து குறைந்து கடைசியில் வெளிறிய, வழுவழுப்பான ஒரு படிவு மிஞ்சும். வெறும் சவ்வு! ஆய்வகத்தில் இதைப் பேய் என்போம். குழாயைச் சாய்த்தால் பேய் நழுவி ஓடும், அடியில் கடினமான ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், வெள்ளையணுக்களின் புரதம் அரிக்கும் நொதிகள் அதில்தான் இருக்கும். முதல்முறை நான் அதை விட்டுவிட்டேன். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பட்டைகளுக்குப் பதில் தீற்றல்தான் வந்தது, இரண்டு நாள் வேலை போச்சு.

ஒழுங்காகச் செய்தால் மேலே ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தின் இரண்டு பட்டைகள், அதற்குக் கீழே மூன்றாவது. பட்டை 3 என்ற பெயரே அப்படி வந்ததுதான். கிளைக்கோஃபோரின் மட்டும் வழக்கமான நீலச் சாயத்தில் சரியாகத் தெரியாது. அதன் எடையில் சுமார் 60 சதவீதம் சர்க்கரை, அதற்குத் தனிச் சாயம் வேண்டும். "பாதி புரதம், பாதி லிப்பிட்" என்று எழுதும்போது இந்தச் சர்க்கரையை மறந்துவிடாதீர்கள். சிவப்பணுச் சவ்வில் மொத்த எடையில் சுமார் 8 சதவீதம் அதுதான்.

நுணுக்கன்:
சிவப்பணு பேச்சு வந்துவிட்டதால் ஒன்று. 1925-ல் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் லிப்பிட்டை அசிட்டோனால் பிரித்தெடுத்து, தண்ணீர் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். செல்களின் பரப்பளவைப் போல இரண்டு மடங்கு வந்தது, ஆகவே சவ்வு ஈரடுக்கு என்றார்கள். முடிவு சரிதான், ஆனால் வழியில் இரண்டு பிழைகள். அசிட்டோன் லிப்பிட் முழுவதையும் எடுக்கவில்லை, செல்லின் பரப்பளவையும் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. புரதம் பிடிக்கும் இடத்தை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை, விடைதேடி கேட்ட அதே கேள்விதான் விட்டுப்போனது! லிப்பிட்டுக்கு நடுவே புரதங்கள் பதிந்து மிதக்கும் படம் சிங்கரும் நிக்கல்சனும் 1972-ல் சொன்ன பாய்ம மொசைக் மாதிரியோடுதான் நிலைத்தது.

விடைதேடி:
நன்றி எல்லோருக்கும். அந்த 20, 75 கணக்கு மட்டும் பாக்கி.

பாசிப்பச்சை:
சவ்வுக்கு என்ன வேலை என்று பாருங்கள். மைலின் நரம்பு இழையைச் சுற்றி மின்சாரம் கசியாமல் காக்கும் உறை, அதற்கு லிப்பிட்தான் வேண்டும், புரதத்துக்குப் பெரிய வேலை இல்லை. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் எலக்ட்ரான் கடத்தும் தொடர், ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைத் தயாரிக்கும் ஏடிபி சின்தேஸ், உள்ளே வெளியே பொருள் கடத்தும் புரதங்கள் என்று இயந்திரங்கள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. லிப்பிட்டும் ஒரே மாதிரி கிடையாது, அந்த உட்சவ்வில் கொலஸ்ட்ரால் மிகக் குறைவு, பதிலுக்கு நான்கு வால் கொண்ட கார்டியோலிப்பின் இருக்கும்.

தேர்வில் "எடைப்படி" என்ற சொல்லோடு பாதிக்குப் பாதி என்று எழுதிவிட்டு, மைலினையும் மைட்டோகாண்ட்ரியா உட்சவ்வையும் இரு எல்லைகளாகக் காட்டுங்கள். இடம் இருந்தால் ஈரடுக்கின் இரு பக்கமும் ஒன்றல்ல என்பதையும் சேருங்கள், பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற பாஸ்போலிப்பிட் சாதாரணமாக உள்பக்கம்தான் இருக்கும். சாகப்போகும் செல்லில் அது வெளிப்பக்கம் வந்துவிடும், அதைப் பார்த்துத்தான் விழுங்குசெல்கள் வந்து அள்ளிக்கொண்டு போகின்றன.